மணிக்கு எழுபது

பிப்ரவரி 4

மாமாவுக்கு,

போனில் பேசினால் நீங்கள்தான் பேசுவீர்கள். நான் மூன்று தடவை 'ம்' கொட்டுவதற்குள் இடைவேளை முடிந்து மணி அடித்துவிடும். அதனால்தான் கடிதம். முழுக்கப் படியுங்கள். பாதியிலேயே அத்தையைக் கூப்பிட்டுக் கதை சொல்ல ஆரம்பிக்காதீர்கள்.

என் வலது கை சரியில்லை. முழங்கையின் வெளிப்பக்கம் யாரோ ஆணி வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது. அங்கிருந்து கட்டைவிரல் வரைக்கும் ஒரு கம்பி இழுக்கிறது. நேற்று வீட்டில் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினேன், அது என்னைக் கேட்காமலே கீழே விழுந்தது. அம்மா, "கண்ணு எங்க இருக்கு உனக்கு?" என்று திட்டினாள். கண் இருக்கிறது மாமா, கைதான் இல்லை.

நீங்கள் உட்கார்ந்திருந்த அதே மேசையில்தான் இப்போது நான். மேசை விசிறிக்கு அதே அடிப்பெட்டி, அதை மூடப் பெட்டிக்கு ஆறு திருகாணி. மின்சாரத் திருப்புளி போட்டால் பிளாஸ்டிக் விரிசல் விடுகிறது என்று இன்னமும் கையால்தான் முடுக்குகிறோம். சுவரில் உங்கள் புகைப்படம். அதற்குக் கீழே சிவப்பில் 'மணிக்கு 70', அதாவது மணிக்கு எழுபது பெட்டி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஸ்டாப்வாட்ச்காரர் பக்கத்தில் நிற்க நீங்கள் போட்ட எண் அது. அதைக் காட்டித்தான் உங்களை அந்த ஊர்ப் புதுத் தொழிற்சாலைக்குப் பயிற்சியாளராக அனுப்பினார்கள். எங்களுக்கு எண் மட்டும் மிச்சம். தொடர்ந்து மூன்று வாரம் எழுபதுக்குக் கீழே போனால் லைனிலிருந்து பெயரை எடுத்துவிடுகிறார்கள். எதிர்மேசை அக்காவின் பெயரைப் போன மாதம் எடுத்துவிட்டார்கள். இன்று அவளால் குழாயைக்கூடத் திருக முடியவில்லை. போன வாரம் எனக்கு வந்தது அறுபத்தொன்று. என் கணக்கில் ஒரு வாரம் விழுந்துவிட்டது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எழுபது என்பது நாள் முழுக்க ஒரு மனுஷனால் முடிகிற காரியமா?

உங்கள் அக்கா மகள்


பிப்ரவரி 9

என் அருமை மருமகளே,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்தைப் பார்த்தால் கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கிறது. உன் மாமன் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம்தான் என் தகுதிக்கு வரவில்லை. ஆனாலும் என் எழுத்தைப் பார், அச்சில் வார்த்தது போல நிற்கிறதா இல்லையா?

எழுபது முடியுமா என்று கேட்டாய். சிரிப்புத்தான் வந்தது. அன்றைக்கு நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. நான் திருப்புளியை எடுத்ததும் ஸ்டாப்வாட்ச்காரர் தன் கையிலிருந்த கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், ஓடுகிறதா என்று. மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய இன்ஜினியர் என் மணிக்கட்டை நாடாவால் அளந்து ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போனார். இப்போது அந்த நாட்டில் பாடப் புத்தகத்திலேயே போட்டிருப்பார்கள். விசிறியே இல்லாமல் அன்று அந்தக் கூடத்தில் காற்று வீசியது என்றால் நம்புவாயா? என் கை வேகம் அப்படி.

வலி என்கிறாய். வலி என்பது கை பழகுவதற்கு அடையாளம். புதுச் செருப்பு கடிப்பதில்லையா? அதுபோல. துணியை நான்காக மடித்து மணிக்கட்டில் இறுக்கிக் கட்டு. எவ்வளவு இறுக்கம் என்றால் விரல் நுனி சிவக்க வேண்டும். கட்டிக்கொண்டு இன்னும் வேகமாகச் செய். மெதுவாகச் செய்தால்தான் வலி உட்கார இடம் கிடைக்கும். ஓடுகிற கையில் அது எங்கே உட்காரும்?

இங்கே என்னிடம் நாற்பது பேர் பயிற்சிக்கு நிற்கிறார்கள். என்னை மாஸ்டர் என்றுதான் அழைப்பார்கள். நான் நடந்து போனால் திருப்புளிகள் தாமாக நிமிர்ந்து நிற்கின்றன. அக்காவிடம் சொல், அவள் தம்பி நன்றாக இருக்கிறான் என்று.

உன் பெருமைக்குரிய மாமா


பிப்ரவரி 17

மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடி கட்டினேன். முதல் நாள் விரல் சிவந்தது. இரண்டாம் நாள் நீலமானது. மூன்றாம் நாள் திருகாணியைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. அந்த வாரம் ஐம்பத்தெட்டு. இரண்டாவது வாரமும் விழுந்துவிட்டது.

டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டுத் தசைநார் வீங்கியிருக்கிறது என்றார். பிசியோ அறைக்கு அனுப்பினார். அங்கே ஒரு அக்கா. என் கையில் துணி அழுத்திய தழும்பைப் பார்த்ததும், "யாரும்மா இப்படிக் கட்டச் சொன்னது?" என்றாள்.

"எங்க மாமா."

"அவரு டாக்டரா?"

"இல்லக்கா. அவரு எல்லாம்."

அவள் சிரிக்கவில்லை. ஒரே அசைவை ஒரு நாளைக்கு மூவாயிரம் தடவை செய்தால் எந்தக் கையும் இப்படித்தான் ஆகும் என்றாள். இப்போதே நிறுத்தினால் திரும்பிவிடும், இன்னும் சில மாதம் இப்படியே முறுக்கினால் பிடிமானம் ஆயுசுக்கும் பாதிதான் என்றாள். மணிக்கட்டை நேராக வைக்க ஒரு பட்டை கொடுத்தாள். இரண்டு வாரம் வேலைக்குப் போகக் கூடாது என்று சீட்டும் எழுதிக் கொடுத்தாள். மார்ச் ஐந்தாம் தேதி திரும்பப் போக வேண்டும். போன பிறகு என்ன ஆகும் என்று அவள் சீட்டில் எழுதவில்லை. மூன்றாவது வாரம் அன்றைக்குத் தொடங்கும், அவ்வளவுதான்.

லைன் பெண்கள் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். எண்ணைக் குறையுங்கள் என்றோம்.

"உங்க மாமா போட்டாரேம்மா! அவரும் மனுஷன்தானே?" என்றார்.

பின்னாலிருந்து ஒருத்தி, "அது கையா சார், காத்தாடியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் மேனேஜர் சொன்னது இதுதான்: "அளந்தது அவரை. தப்புன்னா அவரே வந்து சொல்லட்டும். அளக்குறவரும் இப்ப அந்தத் தொழிற்சாலையிலதான் இருக்காரு. அங்கேயே ஒரு முழு ஷிப்டு உட்கார்ந்து காட்டட்டும். என்ன வருதோ அதையே நான் வெச்சுக்கிறேன்."

மாமா, ஒரு நாள். ஒரே ஒரு ஷிப்டு. மார்ச் ஐந்துக்கு முன்னால்.

இதை இடது கையால் எழுதுகிறேன். கோழியைக் கூப்பிட வேண்டாம்.


பிப்ரவரி 22

மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். மறுபடி படித்தேன். பிறகு வெளியே போய்த் தெருமுனை வரை நடந்துவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

நான் போட்ட எண்ணை நானே வந்து குறைக்க வேண்டுமாம். ஊரெல்லாம் கூடி என் கையைப் பார்த்துச் சிரித்ததை எனக்கே எழுதி அனுப்பியிருக்கிறாய். உன்னைத் தோளில் தூக்கித் திரிந்த கை அது என்பது ஞாபகம் இருக்கட்டும். அந்த ஐந்து பெண்களையும் கேள், அவர்களில் யார் படமாவது எந்தச் சுவரிலாவது தொங்குகிறதா என்று.

எழுபது எழுபதுதான். சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. யாருக்கோ கை வலிக்கிறது என்று அதை மேற்கே மாற்ற முடியாது.

எனக்கு இங்கே நேரமில்லை. நாற்பது பேர் அறுபதாகிவிட்டார்கள். இந்த வாரம் இன்னும் பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்கள். பட்டை போட்டுக்கொண்டு நன்றாக ஓய்வெடு. ஐந்தாம் தேதி போய் உட்கார், எல்லாம் தானாக வரும்.

மாமா


பிப்ரவரி 25

மாமா,

நேற்று அத்தை அம்மாவுக்குப் போன் பண்ணினாள். உங்கள் சட்டைப் பொத்தானை இரண்டு வருடமாக அவள்தான் போட்டுவிடுகிறாளாம். சாப்பிடும்போது கை நடுங்குவது யாருக்கும் தெரியக்கூடாது என்று எங்கே போனாலும் பசியில்லை என்று சொல்லிவிடுகிறீர்களாம். வாளியை இடது கையால் தூக்கிக்கொண்டு, வலது கையை 'மாஸ்டர் கை, அதுக்கு ஓய்வு' என்கிறீர்களாம். அத்தை இதைச் சிரிப்பாகத்தான் சொன்னாள். பாதியிலேயே போனை வைத்துவிட்டாள்.

இரண்டு வருடம். அதாவது அந்த எழுபதிலிருந்து.

உங்கள் கை போனது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எனக்கு, இன்னும் இறுக்கிக் கட்டு, இன்னும் வேகமாகச் செய் என்று எழுதினீர்கள்.

உங்களுக்குப் பொத்தான் போட்டுவிட அத்தை இருக்கிறாள். எதிர்மேசை அக்கா வீட்டில் அவளும் ஒரு கைக்குழந்தையும்தான். யார் யாருக்குப் பொத்தான் போடுவது?

பதில் எழுத வேண்டாம். எழுதினால் உண்மையை எழுதுங்கள்.


பிப்ரவரி 27

மருமகளே,

மூன்று காகிதம் கிழித்தாயிற்று. இது நாலாவது. அத்தை வந்து, "என்ன, வீட்டையே அளக்குறீங்க?" என்று கேட்டுவிட்டாள். முன்னறைக்கும் பின்கட்டுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது.

சரி. சொல்கிறேன். யாருக்கும் சொல்லாதது. உன் அத்தைக்குக்கூடத் தெரியாது.

புதுப் பிளாஸ்டிக்கில் திருகாணி இறங்கும்போது அதுவே மரை வெட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். அந்த முதல் இறக்கம்தான் கையைக் கொல்கிறது. உனக்குத் தெரியும். நாளை அளக்க வருகிறார்கள் என்றதும் நான் முதல் நாள் மாலையே எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து, இருபது அடிப்பெட்டியில் ஒவ்வொரு துளையிலும் திருகாணியை ஒரு தடவை ஏற்றி, மறுபடி கழற்றி வைத்தேன். நூற்றிருபது துளை. அதோடு ஒவ்வொரு திருகாணியின் நுனியையும் சோப்புக் கட்டியில் தேய்த்து வைத்தேன். மறுநாள் அவை தண்ணீரில் முழுகுகிற மாதிரி இறங்கின.

அளந்தது கால்மணி நேரம்தான். பதினெட்டு பெட்டி. நாலால் பெருக்கினால் எழுபத்திரண்டு. ஸ்டாப்வாட்ச்காரர் நல்ல மனசோடு இரண்டைக் கழித்து எழுபது என்று எழுதினார்.

மறுநாளிலிருந்து சாதாரணப் பெட்டி. சாதாரணத் திருகாணி. ஆனால் நான் எழுபது போட்டவன் ஆயிற்றே? எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இடமாற்றம் வர ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் எழுபதை எட்டிப் பிடிக்கக் கையைச் சாட்டை மாதிரி அடித்தேன். அதில்தான் போனது.

இங்கே வந்த பிறகு திருப்புளியையே தொடவில்லை. ஒரு பிரம்பு வைத்திருக்கிறேன். அதை நீட்டி, 'அங்கே பிடி, இங்கே முடுக்கு' என்பேன். நாற்பது பேர் என்று எழுதினேன், பன்னிரண்டு பேர்தான். பெரிய ஆட்கள் யாரும் வரவில்லை. வெளிநாட்டு இன்ஜினியர் வந்தது நிஜம், ஆனால் அவர் அளந்தது மேசையை. அச்சில் வார்த்தது போன்ற என் எழுத்தும் இரண்டு வருடமாக இடது கை எழுத்துதான்.

இப்போது சொன்னால் இந்தப் பிரம்பும் போகும், மருமகளே. எனக்கு வேறு என்ன தெரியும்? இந்த வயதில் புதிதாக எந்தக் கையை முளைக்க வைப்பேன்?

முடியாது என்று சொல்லவில்லை. முடியும் என்றும் சொல்லவில்லை.


மார்ச் 1

மாமாவுக்கு,

திட்டுவதற்காக உட்கார்ந்தேன். வரவில்லை.

பிசியோ அக்காவிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, ஆனால் துணி கட்டச் சொன்னவர்தான் என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். கெட்டுப்போன கையோடு ஒருவர் ஒரு ஷிப்டு உட்கார வேண்டுமென்றால் எப்படி என்று கேட்டேன். உட்கார வேண்டாம் என்றாள். உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்றேன். என் கையைப் பிடித்து மேசைமேல் வைத்தாள். பிறகு சொன்னாள்.

மேசையை நான்கு விரல் அளவு இறக்கச் சொல்லுங்கள், அல்லது நாற்காலியை ஏற்றுங்கள். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். மணிக்கட்டு மடங்கக் கூடாது, கையும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்கட்டும். திருப்புளியின் பிடி ஒல்லியாக இருந்தால் சைக்கிள் டியூபைச் சுற்றிப் பருமனாக்குங்கள், விரல் அழுத்த வேண்டியது குறையும். முனை தேய்ந்த திருப்புளி வேண்டவே வேண்டாம், புதிது கேளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கையைத் தொங்கப் போட்டு விரல்களை மெல்லத் திறந்து மூடுங்கள். வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்னாலேயே. உணவு இடைவேளைக்குப் பிறகு ஒரு மணி நேரம் வேறு வேலை, பெட்டி அடுக்குவது மாதிரி. சுருக்கென்று குத்தினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். எண்ணுக்காகக் கையைக் கொடுக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னாள்.

கடைசியில், "உங்க மாமாகிட்ட முக்கியமா ஒண்ணு சொல்லு. வேகமா செய்ய வேண்டாம்னு சொல்லு" என்றாள்.

"அதுதான்க்கா அவருக்குக் கஷ்டம்" என்றேன்.

நாலு நாள் இருக்கிறது. பட்டையைக் கழற்றிப் பார்க்கிறேன், மாட்டுகிறேன், கழற்றுகிறேன். அம்மா என் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், கேட்க மாட்டேன் என்கிறாள்.


மார்ச் 6

என் அருமை மருமகளே,

நேற்று முன்தினம், மார்ச் நாலாம் தேதி, காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தேன்.

ஸ்டாப்வாட்ச்காரரிடம் நானே போய்க் கேட்டேன். உங்கள் மேனேஜர் ஏற்கனவே போன் பண்ணியிருந்தாராம், மனிதர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நான் கேட்டபடியே மேசையை இறக்கச் சொன்னார். நான்கு விரல். என் விரலாலேயே அளந்தேன். டியூப் சுற்றினேன். திருகாணி டப்பாவை அவரையே திறக்கச் சொன்னேன். பெட்டிகளை அவரையே எடுத்து வைக்கச் சொன்னேன்.

என் பன்னிரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முதல் மணியில் நாற்பத்தைந்து. ஒருத்தன், "மாஸ்டர், இது சும்மா கை சூடேத்துறதா?" என்றான். இன்னொருத்தி, "பொறு, இப்ப பாரு பறக்கும்" என்றாள். மருமகளே, என் கை பறந்துவிட எப்படித் துடித்தது தெரியுமா! வெட்கம் முழங்கையிலிருந்து உச்சந்தலைக்கு ஏறுகிறது. இன்னும் ஒரு சுற்று வேகமாக முடுக்கு, இன்னும் ஒன்று என்று உள்ளே ஒருவன் கத்துகிறான். அவனை உட்கார வைப்பதற்குத்தான் அன்று முழுக்க என் பலமெல்லாம் போயிற்று. திருகாணிக்கு அல்ல.

அரை மணிக்கு ஒருமுறை கையைத் தொங்கப் போட்டேன். "தூங்கிட்டீங்களா மாஸ்டர்?" என்றார்கள். ஆமாம் என்றேன். மதியத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் பெட்டி அடுக்கினேன். மூன்று மணிக்கு முழங்கையில் லேசாக ஒரு குத்தல், அங்கேயே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் எழுந்து நடந்தேன். கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசி மணியில் முப்பத்தொன்பது.

ஷிப்டு முடிந்ததும் ஸ்டாப்வாட்ச்காரர் நோட்டை மூடாமல் கேட்டார், "அன்னிக்கு எழுபது எப்படி வந்துச்சு?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் என் பன்னிரண்டு பேரில் ஒருத்தி முந்திக்கொண்டாள். நல்ல பெண். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். "சார், அவருக்கு வயசாயிடுச்சுல்ல? அந்தக் காலத்து வேகம் இப்ப வருமா?"

ஸ்டாப்வாட்ச்காரர் தலையாட்டினார். அதையே எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டார்.

பார்த்தாயா, எவ்வளவு அழகான வழி! ஆமாம் என்று ஒரு சொல் போதும். என் படம் சுவரில் இருக்கும், பிரம்பு கையில் இருக்கும், 'ஒரு காலத்தில் எழுபது போட்டவர்' என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கலாம். எழுபதும் அப்படியே நிற்கும், இளசுகள் போடட்டும் என்று.

"வயசு இல்லீங்க" என்றேன். "அன்னிக்கு நான் ஏமாத்தினேன்."

துளையைப் பற்றிச் சொன்னேன். சோப்பைப் பற்றிச் சொன்னேன். பன்னிரண்டு பேரும் கேட்டார்கள். அவ்வளவு பெரிய கூடத்தில் ஒரு திருகாணி விழுகிற சத்தம்கூட இல்லை. இது நான் சேர்த்துச் சொல்வது அல்ல, நிஜமாகவே இல்லை.

அவர் கணக்கெல்லாம் போட்டு, ஓய்வையும் சேர்த்து, நாற்பத்திரண்டு என்று எழுதினார். என் கண் முன்னாலேயே உங்கள் மேனேஜருக்குப் போன் பண்ணினார். பழைய எழுபதை வைத்து யாருடைய வாரத்தையும் எண்ணக் கூடாது, எடுத்த பெயர்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்றார். நேற்று நீ உட்கார்ந்தபோது சுவரில் எது இருந்தது? எழுது. எதிர்மேசைப் பெண்ணுக்கு ஆள் அனுப்பினார்களா? அதையும் எழுது. கை எப்படி இருக்கிறது? அதை முதலில் எழுது.

பிரம்பை நேற்றே வாங்கிக்கொண்டார்கள். வேலையை விட்டு எடுக்கவில்லை, அந்த மட்டில் நல்ல மனிதர்கள். இப்போது பேக்கிங் பகுதியில், அட்டைப் பெட்டியில் சீட்டு ஒட்டுகிறேன். இடது கையால்தான். உன் அத்தை பிசியோ ஒருவரைத் தேடிப் பிடித்துவிட்டாள், நாளைக்குப் போகிறேன். பசியில்லை என்று சொல்வதை விட்டுவிட்டேன். நேற்று எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து, சிந்திச் சிந்தித்தான் சாப்பிட்டேன்.

மெதுவாக வேலை செய்வதில் மட்டும் இந்தத் தொழிற்சாலையில், ஏன், இந்த உலகத்திலேயே, உன் மாமனை மிஞ்ச ஆள் கிடையாது என்று தெரிந்துகொள்.

இங்கே பக்கத்தில் உட்காருகிறவன் காலையில் கேட்டான், "பெரியவரே, சீட்டு ஒட்டுறதுல மணிக்கு எத்தனை போடுவீங்க?"

"எண்ணிப் பார்க்கலையேப்பா" என்றேன்.

எண்ணிவிட்டேன், மருமகளே. முதல் மணியிலேயே எண்ணிவிட்டேன். நல்ல எண்தான். ஆனால் அவனுக்குச் சொல்ல மாட்டேன், ஸ்டாப்வாட்ச்காரர் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். நீ கேட்டால்கூடச் சொல்ல மாட்டேன்.

உன் மாமா